என்னை யார் எழுதுவது

பிப்ரவரி 9, ஞாயிறு

வெளியே தலை நீட்டினால் மூக்கு மயிர் உறைகிறது. விடுதியிலேயே அடைந்து கிடந்து வருமான வரித் தாக்கலை முடித்துவிட்டேன்.

மூன்று தாள்கள். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவிய சம்பளம் 4,100 டாலர் என்று ஒன்று. படிப்புக் கட்டணம் 11,800, உதவித்தொகை 14,600 என்று கல்லூரி அனுப்பியது இன்னொன்று. மூன்றாவதை இரண்டு தரம் படித்தேன். நான் பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் தொடங்கிய கல்விச் சேமிப்பிலிருந்து போன வருடம் எடுத்த 5,200. இதற்குமா வரி? விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்தால் இல்லையாம், பிழைத்தேன். ஆனால் உதவித்தொகையில் கட்டணம் போக மிஞ்சிய 2,800 என் வருமானமாம். எங்கே இருக்கிறது அந்த வருமானம்? அதைத்தான் தின்று தீர்த்தாயிற்றே!

உதவித்தொகையில் ஆயிரம் டாலர், பால் பண்ணைப் பெண்களுக்கு நடக்கும் போட்டியில் மாவட்டப் பால் இளவரசியாக வந்ததற்குக் கிடைத்தது. கூடவே என் தலையைத் தொண்ணூறு பவுண்டு வெண்ணெயில் செதுக்கிக் கொடுத்தார்கள். அதற்கும் வரி உண்டா என்று அறைத்தோழி பா நியாவிடம் கேட்டேன். "மூக்குக்கு மட்டும் தனியாப் போடுவாங்க," என்றாள்.

கடைசியில் ஒரு கேள்வி: வேறு யாராவது உங்களைத் தங்கள் ஆதரவில் இருப்பவராகக் காட்ட முடியுமா? அம்மா எங்கள் பால் பண்ணையையும் அப்பாவையும் விட்டு ஊருக்குள் தனி வீடு பார்த்துப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இருவருக்கும் பேச்சே இல்லை. நாய் யாருக்கு என்பதே இன்னும் முடிவாகவில்லை. இதில் என்னை யார் காட்டுவது? "இல்லை" என்று தட்டினேன். 163 டாலர் திரும்பி வருமாம். நானும் பெரிய மனுஷி ஆகிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அப்பா போன் செய்தார். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"உங்கம்மா பண்ணின வேலையப் பாத்தியா பிரிட்டா? என் தாக்கலைத் திருப்பி அனுப்பிட்டாங்க. உன்னை ஏற்கெனவே யாரோ எழுதிட்டாங்களாம். யாரோவாம், யாரோ!"

என்னைத் தன் ஆதரவில் இருப்பவளாகத் தாளில் எழுதுகிறவருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர் மிச்சமாம். எனக்கு இவ்வளவு விலை என்று இன்றைக்குத்தான் தெரியும். "அப்படியா அப்பா?" என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

பிப்ரவரி 22, சனி

அம்மா போன். அவளுடையதும் திரும்பிவிட்டது.

"அந்த மனுஷன் முந்திக்கிட்டார் பாரு. பணம் போனாப் போகுது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

இருவருடையதும் திரும்பியதென்றால் எழுதியது யார்? என் தாக்கலைத் திறந்து பார்த்தேன். நான் தட்டிய அந்த 'இல்லை'க்கு, என்னை நானே எழுதிக்கொண்டேன் என்று அர்த்தமாம். நான். நானேதான்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 23

சொல்லவில்லை.

பிப்ரவரி 24

இன்றும் சொல்லவில்லை. தேர்வு இருந்தது. (தேர்வு இல்லை.)

மார்ச் 1, சனி

பண்ணையில் சாயங்காலக் கறவை. எட்டாவது மாட்டுக்கு அப்பா இயந்திரம் மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. அம்மா! ஒன்றரை வருடத்தில் முதல் முறை. கை ஈரம் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"வெண்டல், அவ என் வீட்டுப் பொண்ணு. நீ எப்படி எழுதலாம்?"

"எழுதினது நீ! இந்தா பாரு க்ரெட்சன், அவ வெண்ணெய்த் தலையே இங்க என் ஃப்ரீசர்லதான் இருக்கு. தலை எங்கயோ அங்கதானே ஆளு?"

"தலைய நீயே வச்சுக்க. அவ துணியத் துவைக்கிறது யாரு?"

"விடியக்காலம் நாலரைக்கு என்கூட மாடு கறக்கிறது யாரு?"

"அப்ப அது வேலைக்காரி! பொண்ணுன்னு எழுதாதே!"

மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்திவிட்டன. "நிறுத்துங்க! ரெண்டு பேரும் எழுதலை, நான்தான்" என்று கத்தினேன். என்ன நடந்தது என்று சொன்னேன்.

அம்மா மெதுவாக, "உன்னை யாராலயும் காட்ட முடியாதுன்னா போட்டே?" என்றாள். அப்பா குனிந்து, கழுவிய வாளியையே மறுபடி கழுவினார்.

சண்டையே தேவலை போலிருந்தது.

ஐயோ, நான் அந்த அர்த்தத்திலயா போட்டேன்? தெரியாமத் தட்டிட்டேன். தெரியாமலா? நாயைப் பத்தி யோசிச்சேனே அப்ப.

"சரி, திருத்தி அனுப்பு," என்றார் அப்பா. "யார் எழுதறதுன்னும் நீயே சொல்லிடு." இதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. நான் ஒருவர் பேரைச் சொன்னால் மற்றவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 8, சனி

நூலகத்தில் இலவசமாக வரி பார்த்துக் கொடுக்கும் மேசை. ஆர்லன் என்பவர் இருந்தார், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். கழுத்தில் ஒரு கண்ணாடி, தலையில் ஒன்று. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் யார் வீட்டுல அதிக ராத்திரி தூங்கினே?"

போன வருட நாட்குறிப்பைக் கொண்டுபோயிருந்தேன். உட்கார்ந்து எண்ணினோம். பண்ணையில் அறுபத்து மூன்று. அம்மா வீட்டில் அறுபத்து மூன்று. ஓர் இரவு, இரண்டுக்கும் நடுவில், பனிப்புயலில் சிக்கிய காருக்குள். மற்றதெல்லாம் விடுதி.

"விடுதி ராத்திரியும் வீட்டுக் கணக்குலதான் சேரும்," என்றார். "எந்த வீடுங்கிறதுதான் கேள்வி. 'வீட்டுக்குப் போறேன்'னு சொல்லிட்டு வண்டிய எந்தப் பக்கம் திருப்புவே?"

இருபது வயதுக் கழுதைக்கு நூலகத்தில், அதுவும் குழந்தைகள் புத்தகப் பகுதிக்குப் பக்கத்தில், கண்ணில் தண்ணீர். ஆர்லன் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளினார். மேசையில் அதை எப்போதும் வைத்திருப்பார்களாம்.

பிறகு என் தாளை உற்றுப் பார்த்து, "ஏம்மா, உன்கிட்ட இதைக் கேக்கவே இல்லையே! யாராவது காட்ட முடியுமான்னுதான் கேக்குறாங்க. ஆமான்னு போடு. யாருன்னு எழுத இதுல இடமே கிடையாது," என்றார்.

அவருடைய வழுக்கையில் ஒரு முத்தம் கொடுத்திருப்பேன். ஆமாம் என்று திருத்தி அங்கேயே அனுப்பினேன். வரி ஒரு காசு இல்லை, 163-உம் அப்படியே.

இருவருக்கும் ஒரே செய்தி: "திருத்திட்டேன். நான் உங்க ரெண்டு பேருக்கும்தான் பொண்ணு. யார் எழுதறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. என்னை விட்டுடுங்க." இரண்டு பக்கமும் கட்டைவிரல் பொம்மை மட்டும் வந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

நாளையோடு வரித் தாக்கல் கெடு முடிகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

முதலில் அப்பா. "அனுப்பிட்டேன். உன்னை எழுதலை. உங்கம்மா எழுதட்டும்னு விட்டுட்டேன். அவ கார் ஹீட்டர் வேலை செய்யலைன்னு சொன்னியே."

பத்து நிமிடம் கழித்து அம்மா. "நான் எழுதலைடி. பால் விலை இருக்கிற லட்சணத்துல அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? அவருக்கே விட்டுட்டேன்."

இரண்டு மாதம் எனக்காக அடித்துக்கொண்டு, கடைசியில் ஒருத்தரும் என்னை எழுதவில்லை! படுக்கையில் புரண்டு புரண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பா நியா பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். இல்லடி, சந்தோஷம்தான், என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான்.

ஏப்ரல் 26, சனி

அந்த இரண்டாயிரம் வீணாகாமலிருக்க யாராவது ஒருவர் திருத்திய தாள் அனுப்பித்தான் ஆகவேண்டும். அம்மா பண்ணைக்கு வந்தாள். "உக்காரல்லாம் வரலை, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புறேன்," என்று பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே நின்றாள்.

"நீயே எழுது," என்றார் அப்பா.

"ஏன், உனக்குப் பணம் கசக்குதா?"

"உனக்குக் கசக்குதோ?"

நான் தலையிடவில்லை. கொட்டிலுக்குப் போய்க் கன்றுகளுக்குப் பால் வைத்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பினேன். அம்மா தாளில் என் பேர் ஏறியிருந்தது. அதில் இரண்டு எழுத்து அப்பாவின் கிறுக்கல். அம்மாவின் பேனா நடுவில் தீர்ந்துவிட்டதாம். இருவரும் இப்போது ஃப்ரீசரில் இடம் போதாததைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காப்பி இரண்டாம் முறை கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா கிளம்பும்போது மணி எட்டரை. காலணி எங்கே என்று தேடினாள். அடுப்புப் பக்கத்தில், அப்பாவுடையதை ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது.