ஆல்பர்ட் வித்த லாரி

நைனாவுக்கு, லில்லியின் தோத்திரம். முட்டி வலி இப்ப தேவலையா? மாதா தயவில் மஸ்கட்டில் நாங்கள் மூணு பேரும் சுகம்.

இங்க இருக்கிற நம்ம தெரு ஆல்பர்ட்டிடம் வாங்கின பழைய ஆட்டோமேட்டிக் லாரி, வேகம் குறைச்சாலே அணைஞ்சிடுது. நேத்து ரவுண்டானா நடுவிலேயே நின்னுடுச்சு. பயப்படாதீங்க, உங்க மருமகனுக்கு ஒண்ணும் ஆகலை. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். "கியர் பெட்டியில ஒரு வால்வு சிக்கியிருக்குது. நிக்கும்போது எஞ்சினை விடாம பிடிச்சு அணைக்குது. முன்னாடியே நியூட்ரல்ல தள்ளிட்டா அணையாது" என்றார்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வண்டியை ஓட்டிக் காட்டின அன்னிக்கு, ஒவ்வொரு சிக்னலுக்கு முன்னாடியும் ஆல்பர்ட் நியூட்ரல்ல தள்ளினான். "இன்னாத்துக்குடா?" என்று கேட்டேன். "டீசல் மிச்சம்க்கா, கணக்குப் பாக்குற உனக்குத் தெரியாததா?" என்று சிரிச்சான். நானும் பூரிச்சுப் போனேன். உங்க பேத்தி கீர்த்தனாவோட ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா பீடத்துக்கு முன்னாடி நின்னவன், நைனா! தெரிஞ்சேதான் வித்திருக்கான்.

கிறிஸ்துமஸுக்கு அவன் செஞ்சி வரான். வீட்டுக்கு வந்தா காபி குடுங்க, சண்டை வேணாம். இங்க நான் வைக்கிற குழம்புல நம்ம வீட்டு வாசனையே வரலை, வடகம் கொஞ்சம் வேணும். எப்பவும் குடுக்கிற மாதிரி இந்தத் தடவை அவன் கையில குடுத்துடாதீங்க. கூரியரில் போடுங்க, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.

குக்கர் கூப்பிடுது, நிறுத்துறேன்.
லில்லி