பவாவின் பூச்சிப் பெட்டி

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

காலையில் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் அங்கே இடமில்லை. என் நாத்தனார் பவதாரிணி தூண்டிலை வீசிப் பழகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கிடையாது, மீன் கிடையாது. கொக்கிக்குப் பதில் ஒரு துளி சிவப்பு உல்லன். கயிறு பின்னால் போய் நீண்டு, முன்னால் வந்து, நான் வைத்திருந்த தாம்பாளத்துக்குள் உல்லன் மட்டும் பொத்தென்று விழுந்தது. பத்துக்கு எட்டு முறை. எதிர்வீட்டு ராக்கம்மாள் பல்லில் பிரஷை வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் விளாங்குடிக்கே இது வேடிக்கைதான்.

கே.கே. நகர் கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற பெண் இவள் என்றால் யார் நம்புவார்கள்? முன்பு மூணாறில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது பிடித்த பைத்தியம். டிரவுட் என்று ஒரு மீன், குளிர்ந்த ஓடையில்தான் இருக்குமாம். புழு வைத்துப் பிடிக்க மாட்டாள். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி, பூச்சி மாதிரியே செய்து, அதைத் தண்ணீர் மேல் இறக்கி ஏமாற்றிப் பிடித்து, திரும்ப விட்டுவிடுவாள். விட்டுவிடுவதற்கு எதற்கடி பிடிக்கிறாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

அழகுராஜா என்பவரிடமிருந்து போன் வந்தது. மூணாறுக்கு மேலே எஸ்டேட் ஓடையில் மீன்பிடி முகாம் நடத்துகிறவர். விருந்தாளிகளைக் கூட்டிப்போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறாராம். அக்டோபர் 4, காலை ஏழு முதல் பத்து வரை. தானே கட்டிய பூச்சி, தானே கட்டிய லீடர், அதாவது பூச்சி மாட்டுகிற நுனி இழை. அவர் கண்முன்னால் ஒரு மீனாவது வலைக்குள் வர வேண்டும்.

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. தங்கை நிரந்தர வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போவதாவது! கடைசியில் இறங்கி வந்தார். "ஒரே தடவ பவா. கெடைக்கலைன்னா இந்தப் பேச்சே வீட்ல எடுக்கக் கூடாது."

"சரிண்ணே," என்றாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் அரை நாள் சண்டை போட்டிருப்பேன்.

செப்டம்பர் 20, சனி

வண்டியூரில் என் சித்தி வீட்டுச் சேவலின் கழுத்து இறகு வேண்டுமென்றாள். நான்தான் போய்ப் பிடித்தேன். இடது கையில் மூன்று கீறல். இறகைப் பார்த்ததும் பவாவின் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு இன்னும் மூன்று கீறல் வாங்கலாம்.

அழகுராஜாவிடம் இவள் கேட்டது ஒரே கேள்வி. "ஓடைல கல்லப் பொரட்டுனா என்ன கலர்ல பூச்சி இருக்கும் சார்?" அவர், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். அதனால் எல்லாவற்றுக்கும் தயாராகிறாள். மிதக்கிற பூச்சி, முங்குகிற பூச்சி, இறக்கை விரியாமல் பாதியில் மாட்டிக்கொண்டு மேலே வருகிற பூச்சி. மயில் இறகின் ஒற்றை இழையைச் சுற்றினால் வண்டின் முதுகு வந்துவிடுகிறது. கொசு அளவு கொக்கியில்!

சாயங்காலம் முப்பதைக் கட்டிப் பரப்பி வைத்தாள். எனக்குப் பிடித்தது ஆரஞ்சு வாலும் மினுக்கு உடம்புமாக ஒன்று. அதைத்தான் முதலில் ஒதுக்கினாள்.

"அது மனுசனுக்குப் பிடிக்கும் அண்ணி. மீனுக்குப் பிடிக்காது."

பன்னிரண்டு மிஞ்சின. எல்லாம் மண் நிறம், சாம்பல் நிறம். ஒன்றுகூடப் பார்க்க லட்சணமாக இல்லை. என்ன தைரியம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

லீடர் முடிந்தது. தடித்த கயிற்றின் நுனியில் கட்டுகிற ஒன்பது அடி நைலான் இழை. மேலே தடிப்பு, போகப்போக மெலிசு, கடைசியில் என் தலைமுடி கனம். அந்த நுனியில்தான் பூச்சி.

"வைகைத் தண்ணிக்கு எம்புட்டுத் தடியா வேணாலும் கட்டலாம். மேல தண்ணி அம்புட்டுத் தெளிவு. இழை தெரிஞ்சுச்சுன்னா மீன் திரும்பிக்கூடப் பாக்காது. மெலிசாவும் இருக்கணும், அறுந்தும் போகக் கூடாது."

இரண்டு கட்டினாள். வெவ்வேறு கனமுள்ள மூன்று இழைகளை எச்சில் தொட்டு முடிந்து, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, நகவெட்டியால் நறுக்கி. ஊசி போட்டுப் பழகிய விரல்கள். ஒரு நடுக்கம் இல்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வழக்கம்போல எல்லாப் பொருளும் நடு ஹாலுக்கு வந்தன. இவருடைய பம்ப் கடை ஸ்பேனர்கள், என் தையல் மிஷின், கிரைண்டர். இந்த வருடம் பவாவின் பூச்சிப் பெட்டியும் தூண்டிலும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் நானே வைத்தேன். இரண்டு லீடரையும் வட்டமாகச் சுற்றி அம்மன் படத்து ஆணியில் மாட்டினேன். மாலை போட்ட மாதிரி அழகாக இருந்தது.

சூடத்தட்டை உயர்த்தியபோது சின்னதாக ஒரு வாடை. இழைகள் ஓரிடத்தில் லேசாகச் சுருண்டன. மணியடித்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பிறகு விரலால் நீவிவிட்டேன், நேராகிவிட்டது. பூஜையில் வைத்ததை நாளை வரை யாரும் தொடப்போவதில்லை. நல்ல நாளும் அதுவுமாகச் சொல்வானேன்?

அக்டோபர் 2, வியாழன்

சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

மூணாறு. லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை ஓடவில்லை.

விடிந்ததும் ஓடைக்குப் போனோம். இவர் வரவில்லை, துணைக்கு நான்தான். ஏழு மணிக்கு அழகுராஜா கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பவா தூண்டிலையே எடுக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அரை மணி நேரம்! பிறகு கரையில் குந்திப் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே அழுக்கு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கட்டினாள். மூன்றாவது வீச்சு. தண்ணீர் லேசாகப் பிளந்தது, தூண்டில் வளைந்தது — மீன் கடித்துவிட்டது. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

அறுந்தது.

அடுத்த லீடரை மாட்டினாள். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து இன்னொன்று கடித்தது, முதலில் வந்ததைவிடப் பெரிது. அதுவும் அறுந்தது. பவா அறுந்த நுனியைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? கல்லு மாதிரி நின்னேனே! அவ கரையில உக்காந்து, வெறச்சுப்போன கையால புதுசா ஒண்ணு கட்டுறா, முடிச்சு நழுவுது, திரும்பக் கட்டுறா. கட்டி முடிச்சு வீசுறதுக்குள்ள பத்து மணி ஆயிப்போச்சு.

அழகுராஜாவிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். "போவோமா அண்ணி?" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், அவள் சொன்னாள். "சரி, விடு," என்றார் இவர். பவா பெட்டியை அலமாரி மேல் தூக்கி வைத்தாள். அழுதிருந்தால் தேவலை.

அக்டோபர் 7, செவ்வாய்

பவா வேலைக்குப் போனதும் அழகுராஜாவுக்குப் போன் போட்டேன். "நான் சுபலட்சுமி, பவதாரிணியோட அண்ணி பேசுறேன். தப்பு எம்மேல சார்," என்று ஆரம்பித்து சூடம் வரை கொட்டிவிட்டேன்.

அவர் சொன்னார்: "அவங்க வேற மாதிரில்ல சொன்னாங்க. 'லீடர மாட்டுறதுக்கு முன்னாடி இழுத்துப் பாக்காதது என் தப்பு சார்'னு சொல்லிட்டுப் போனாங்க."



மழை முடிந்து நவம்பர் கடைசியில் மறுபடி வரச் சொன்னார். சூடம் காட்டாமல் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று சிரித்தார்.

சாயங்காலம் பவாவையும் இவரையும் உட்காரவைத்து ஒப்புக்கொண்டேன். பவா நிதானமாகச் சொன்னாள்: "தெரியும் அண்ணி. இழை முடிச்சுல அறுந்து போகல, நடுவுல அறுந்துச்சு. அந்த எடம் தீஞ்சு மொரமொரன்னு இருந்துச்சு."

"பெறகு ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா, அடுத்த வருசம் எம் பெட்டிக்குப் பொட்டு வைக்கவே பயப்படுவீங்க."

நான் அழுததைப் பார்த்து இவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும், "நவம்பர்ல லீவு சொல்லிரு, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார் தங்கையிடம். ஒரே தடவை என்று சொன்னதை நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அக்டோபர் 8, புதன்

அலமாரி மேல் இருந்த பெட்டியைக் காலையில் காணவில்லை. பவாவின் அறையில் லைட் எரிந்தது.

டிசம்பர் 20, சனி

நானும் இவரும் பவா இப்போது வேலை பார்க்கிற முகாமுக்குப் போனோம். பவா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, இடுப்பில் வலை செருகியிருந்தாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்கு வீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பூச்சி, எவ்வளவு நீளம் இழை என்று அவர் கேட்கக் கேட்க, தண்ணீரைப் பார்த்தே பதில் சொன்னாள். இவர் என்னிடம் மெதுவாக, "ஏன் சுபா, நம்ம பவாவா இது?" என்றார்.

பெரிய மனிதருக்கு மீன் கடித்தது. இழுக்கிற பதற்றத்தில் பின்னால் நகர்ந்து, இழையைக் காலுக்கும் பாறைக்கும் நடுவில் நசுக்கிவிட்டார். பட்டென்று அறுந்தது. மீன் போனதும் மனிதர் முகம் சிவந்து பவாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என் தப்பு சார்," என்றாள் பவா. "இன்னுங் கொஞ்சம் தடிசாக் கட்டியிருக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. கரையிலிருந்தே கத்தினேன்: "சார், உங்க கால எடுத்துட்டு அடியில பாருங்க!"

பவா என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.