பீரோவில் வைத்த கோரைப்பாய்

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. உள்ளே நம் பால்வாடியின் கோரைப்பாய், சுருட்டி மூலையில் நிறுத்தியது நிறுத்தியபடி நின்றது. ஆபீசர் வந்தால் விரிப்பதற்கென்றே வாங்கிய பாய். ஒரே ஒரு நாள் விரித்தேன், அதற்குப் பிறகு அதை எடுக்கவே கூச்சமாகிவிட்டது. நாளைக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று போன் வந்ததும், பழைய பயத்தில் கை தானாக அதைத் தேடிப் போயிருக்கிறது. நீ மட்டும் இருந்திருந்தால் வாசலில் நின்று சிரித்திருப்பாய். நீ போய் நாலு வருஷம் ஆகிறது.

முதல் நாள் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாய். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, ஐந்தரைக்குத்தான் விடுவார்கள் என்றாய். மூன்றரைக்குப் பூட்டிவிடுவேன் என்றேன் நான். நடுவில் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்தை உன் பெரிய மகள் தலையில் கட்டினோம். ஏழாம் வகுப்புக்காரி, கடைசிப் பீரியடை விட்டுவிட்டு யூனிபார்மோடு தங்கச்சியை அழைத்துப்போக வந்து நிற்பாள். அந்தப் பீரியட் பெரும்பாலும் கணக்கு. அவள் கணக்கில் தேறவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பிய அன்றுதான் நீ மனு எழுத ஆரம்பித்தாய்.

லீவு போட்டுவிட்டு, கடலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை வரிசையில் நின்றாய். பால்வாடியை ஆறு மணி வரை திறந்துவைக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஆளைப் போட வேண்டும். மூன்று மனுவிலும் இதேதான். தெருப் பெண்கள், "இதுக்கெல்லாமா கவர்மெண்டு வரும்?" என்று சிரித்தார்கள். "அஞ்சு வயசு வரைக்கும் நம்ம புள்ளைங்க எப்படிக் கெடந்தாலும் பரவால்லன்னு யாரு சொன்னா?" என்று நீ திருப்பிக் கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கே தோன்றியதில்லை. இத்தனைக்கும் டீச்சர் நான்தான்.

மூன்றாவது மனுவுக்கு ஒரு மேடம் நேரில் பார்க்க வந்தார். அன்று நான் செய்ததை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. எங்கள் வேலையில் ஆபீசர் வருகிறார் என்றால் குறையெல்லாம் ஒளிந்துகொள்ள வேண்டும், அப்படித்தான் பழகியிருக்கிறோம். கூரை ஒழுகுகிற இடத்தில் இருந்த வாளியை எடுத்து மறைத்தேன். புதுப்பாயை விரித்தேன். பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி வரிசையாக உட்காரவைத்தேன். அழைத்துப்போக வந்த உன் மகளை, "மேடம் போற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்று விரட்டினேன். மூன்றரைக்கு மேல் பிள்ளைகளுக்குச் சிரமம் உண்டா என்று மேடம் கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க மேடம், எல்லாரும் வந்து கூட்டிட்டுப் போயிடறாங்க" என்றேன். அவர் திருப்தியாக எழுதிக்கொண்டு போனார். தேவை எழவில்லை என்று உன் மனுவை முடித்துவிட்டார்கள்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நீ வந்தபோது, கத்தப்போகிறாய் என்று நினைத்தேன். பாயைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "என்னா டீச்சர், பொண்ணு பாக்க வந்தாங்கன்னு நெனச்சிட்டீங்களா? பஜ்ஜி, சொஜ்ஜிலாம் குடுத்தீங்களா?" என்றாய். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய்: "அவுங்க வர்றது நம்ம கொறையப் பாக்க. அதப் போயி மறைச்சா எப்பிடி?"

அப்புறம் என்னிடம் ஒரு வேலை வாங்கினாய். ஒரு வாரம், மூன்றரைக்குப் பூட்டிய பிறகு வீட்டுக்குப் போகாமல் கேட்டருகே உட்காரச் சொன்னாய். எந்தப் பிள்ளையை யார் அழைத்துப் போகிறார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னாய். எழுதினேன். அம்மா என்று எழுதிய இடங்கள் கொஞ்சம். அக்கா, அக்கா என்றே பக்கம் நிறைந்தது. சில பிள்ளைகள் பெட்டிக்கடை நிழலில் யாருமில்லாமல் நின்றன. பத்து வருஷமாக அந்தப் பூட்டைப் பூட்டியவள் நான், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

நாலாவது மனுவோடு அந்த நோட்டையும் வைத்து, கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாய். அதே மேடத்திடம், "சலுகை கேக்கல மேடம். எம் பொண்ணு கணக்குப் பீரியட்ல உக்காரணும், அவ்ளோதான்" என்றாய். அவர் நோட்டை முழுக்கப் படித்தார். ஆறு மணி வரை, ஓர் உதவியாளரோடு, தற்காலிகமாக என்று உத்தரவு வந்தது. உன் மகள் முழு நாளும் பள்ளியில் உட்கார்ந்தாள். உன்னைப்போல ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

உத்தரவு வந்த மூன்றாம் வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. மாதா கோயிலில் பூசை முடிந்து உன்னைக் கல்லறைக்கு எடுத்துப்போகும்போது மணி நாலு. பால்வாடி திறந்திருந்தது. உன் சின்னவள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள்.

தற்காலிகம் இன்னும் தற்காலிகம்தான். வருஷா வருஷம் நீட்டுகிறார்கள். நிரந்தரமாக்கலாமா, இழுத்து மூடலாமா என்று பார்க்கத்தான் நாளைக்குப் புது மேடம் வருகிறார். சிதம்பரத்தில் காலேஜ் படிக்கும் உன் பெரியவளுக்குச் சொன்னேன். "டீச்சர், மறுபடியும் அந்தப் பாயை வெளிய எடுத்துட்டீங்களா?" என்றாள், உன் குரலிலேயே. 

உடனே மேடத்துக்குப் போன் செய்தேன். "காலையில வராதீங்க மேடம். நாலரைக்கு வாங்க, எத்தனை புள்ளைங்க இங்கயே இருக்குன்னு அப்பதான் தெரியும்" என்றேன். சரி என்றார்.

பிறகு பாயைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு விரித்துப்போட்டேன். மதியத் தூக்கத்திலேயே ஒரு வாண்டு அதை நனைத்துவிட்டது. மழை வேறு தூறுகிறது. நாளைக்கு மேடம் வரும்போது பாய் காய்ந்திருக்காது, வாளியும் அதன் இடத்திலேயே இருக்கும்.