சைத்ரத்தைச் சித்திரை என்று படித்தேன்

என் செல்ல அக்கா சகாயத்துக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது பாலக்கோட்டிலிருந்து வாரம் ஒரு கார்டு போடுவேன். ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை நீ. “அரை மணி நேரத்துல பஸ்ஸுல வந்து போறவளுக்கு எதுக்குடி கார்டு?” என்பாய். இப்போதும் பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் இந்த முறை நீ மட்டும் படித்தால் போதாது, மற்றவர்களும் படிக்கட்டும்.

போன ஞாயிறு மாரண்டஹள்ளியில் உனக்கு நாலாம் வருஷ நினைவுப் பூசை நடந்தது. புதிதாக வந்திருக்கும் சாமியார் பிரசங்கத்தில் உன்னைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். பாட்டென்றால் உயிரை விடும் ஒரு பெண், ஆண்டவருக்காக ரேடியோவை மூடி வைத்தாள், சாகும்வரை திறக்கவில்லை, இந்தப் பங்கு மக்களுக்கே அவள் முன்மாதிரி என்றார். உன் முகத்தைக்கூடப் பார்த்திராத மனுஷன்! உன்னைக் கட்டிய மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ ஏன் ரேடியோவை மூடினாய் என்று எனக்குத்தான் தெரியும். ஏன் மூடியிருக்கவே வேண்டாம் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மைசூர் ராஜ்யம் பெயர் மாறிக் கர்நாடகம் ஆன மறு வருஷம் அது. மாசி மாதம். உங்கள் தோட்டத்திலிருந்து பெங்களூருக்குப் போன தக்காளிக் கூடைகள் காலியாகத் திரும்பி வந்தன. ஒரு கூடைக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தை நீ எடுத்து உதறிப் பார்த்தாய். வீணைப் படமும் தம்பூராப் படமும் போட்டிருந்த நோட்டீஸ். முழுக்கக் கன்னடம். கீழ்ப்பாதி தக்காளிச் சாற்றில் ஊறிக் கிழிந்து போயிருந்தது. இங்கிலீஷ் தேதி அந்தக் கிழிசலோடு போயிருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை நான் வந்ததும் வராததுமாக என் கையில் திணித்தாய்.

கன்னட எல்லையோரம், தளிப் பக்கத்தில் மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்று எனக்கு எவ்வளவு மிதப்பு! சைத்ர சுத்த ஏகாதசி முதல் பௌர்ணமி வரை ஐந்து நாள் சங்கீத உற்சவம் என்று உரக்கப் படித்தேன். “சைத்ரம்னா நம்ம சித்திரைதான்க்கா. சித்ரா பௌர்ணமியோட முடியுது” என்றேன். நீ என் கன்னத்தைக் கிள்ளினாய்.

உனக்கு அப்போதே நெஞ்சில் வால்வு சுருங்கிப் போயிருந்தது. தருமபுரி டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, மனசுக்குப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று சொல்லியனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உனக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பத்து வருஷமாக ஒரே ஒரு கச்சேரி என்று நீ கேட்டும் அசையாத மாமா, அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “அஞ்சு நாளுதான். ஈஸ்டர் முடியட்டும், பறிப்பும் முடியட்டும். போய்ட்டு வாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு உன் முகம் பூரித்ததை நான் மறக்கவில்லை.

எல்லாம் எவ்வளவு தோதாக அமைந்தது, பார்த்தாயா? சித்திரையில் ஈஸ்டரோடு தவக்காலம் முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் லீவு. தோட்டத்தில் வேலை குறைவு. உலகத்திலுள்ள பாகவதர்கள் எல்லாம் நம் வீட்டு வசதியைக் கேட்டுக்கொண்டு விழா வைத்ததாக நினைத்தோமே, நம்மை என்னவென்று சொல்வது?

அட்டெண்டன்ஸ் தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட்டோம். விடிந்ததும் முதல் பஸ், ராயக்கோட்டை வழியாக ஓசூர். அங்கே இறங்கி நீ கால் நீட்டி உட்கார அரை மணி. அடுத்த பஸ்ஸில் பெங்களூர். மத்தியானம் கட்டாயம் படுக்க வேண்டும், மாத்திரை போட வேண்டும், நாலு மணிக்கெல்லாம் பந்தலுக்குப் போய் முன்வரிசையில் துண்டு விரிக்க வேண்டும். உனக்கு உப்பு ஆகாது என்பதால் ஓட்டல் சாப்பாடு கிடையாது. தங்குவதற்குக் கன்னியர் மடத்து விடுதி. உப்பில்லாமல் ஒரு ரசம் வைத்துக் கொடுக்க முடியுமா என்று மதருக்கு எழுதினேன். ரசம் வைக்கலாம், ஆனால் எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம் என்று பதில் வந்தது.

எட்டு மணிக்குத்தான் பெரிய வித்வான்கள் பாட ஆரம்பிப்பார்கள். நீ கொதித்துப் போனாய். “பாதியில எந்திரிச்சு வர்றதுக்கா பத்து வருசமா உங்க மாமங்கிட்ட கெஞ்சுனேன்?”

மறுபடி எழுதினேன். ஐந்தில் இரண்டு நாள் மட்டும் ஒன்பதரை வரை திறந்து வைக்கச் சம்மதித்தார்கள். எந்த இரண்டு நாள் என்று நீ ஒரு வாரம் குழம்பினாய். முதல் நாள் வாய்ப்பாட்டா, நாலாம் நாள் நாகஸ்வரமா? கடைசியில் மூன்றாம் நாள் வீணைதான் முதலில் வேண்டும் என்று அடம்பிடித்தாய். “மத்ததெல்லாம் ரேடியோவுல கேட்டாச்சு. அதுல வெரலு தெரியாதுல்ல? நான் அந்த வெரலு ஓடுறதைப் பாக்கோணும்.” மாடு கறக்க, சோறாக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப என்று உன் மாமியாருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தாய். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் மனப்பாடம் செய்ய வைத்தாய். “கச்சேரிக்குப் போறவ நீ, பாடம் படிக்கிறவ நானா?” என்று அவர் கேட்டு, வீடே சிரித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

பங்குனி மாதம், தவக்காலம் பாதிக்குமேல் போயிருந்தது. என்னோடு வேலை பார்த்த பார்வதம்மா டீச்சருக்குக் கன்னடம்தான் தாய்மொழி. சாப்பாட்டு வேளையில் நம் திட்டத்தை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். நோட்டீஸைப் பார்த்ததும் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள்.

“ஐயோ, ஸ்டெல்லா டீச்சர்! சைத்ரம்னா எங்க யுகாதியில தொடங்குற மாசங்க. யுகாதி முடிஞ்சு பத்து நாளாச்சே. அது உங்க சித்திரை இல்லீங்க.”

“அப்ப இது எப்போ?”

“இன்னிக்குத் தசமி. நாளைக்கே ஆரம்பம். இப்பவே உங்கக்காவுக்குச் சொல்லுங்க. காத்தால பஸ்ஸைப் புடிச்சா சாயந்தரக் கச்சேரிக்குப் போயிடலாம்.”

போயிருக்கலாம், அக்கா. சாயந்தரம் மாரண்டஹள்ளிக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். மாமா கத்தியிருப்பார். தவக்காலத்தில் கல்யாண மேளம்கூட வைக்காத ஊர் நம் ஊர். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போகாமல் இரண்டு பெண்கள் பெங்களூரில் கச்சேரி கேட்கிறார்கள் என்றால் வாயில் போட்டு மென்றிருப்பார்கள். ஆனாலும் நீ கிளம்பியிருப்பாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

அப்போது என் வேலை நிரந்தரம் ஆகவில்லை. மிஷன் பள்ளிக்கூடம். தாளாளரே சாமியார்தான். ஜூனில் ஆர்டர் போடுவதாகச் சொல்லியிருந்தார். தவக்காலத்தில் லீவு போட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போனவளுக்கு ஆர்டர் போடுவாரா? கல்யாணமும் ஆகாமல், வேலையும் போய், நான் உன் வீட்டில் வந்து எருமை மேய்ப்பதா? இப்படித்தான் அன்று யோசித்தேன். உன்னைத் தனியாக அனுப்பவும் வழியில்லை, உன் நெஞ்சு அப்படி. அதனால் சொல்லாமல் இருந்துவிட்டேன். பார்வதம்மா கேட்டபோது, அக்கா அடுத்த வருஷம் போய்க்கொள்கிறேன் என்றாள் என்று பொய் சொன்னேன். அடுத்த வருஷம்! உனக்கு!

அந்த ஐந்து நாளும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். மூன்றாம் நாள் வகுப்பில் பிள்ளைகளை அடித்தேன். அதோடு விட்டேனா? பிறகு ஒரு மாதம் நீ ரவிக்கை தைத்தாய், மாத்திரையைப் பொட்டலம் கட்டினாய், உன் மாமியாரிடம் பாடம் ஒப்பிக்கச் சொன்னாய். நான் வாரா வாரம் வந்து சிரித்துக்கொண்டு பார்த்தேன். சித்திரை ஏகாதசி அன்று உன்னை முதல் பஸ்ஸில் ஏற்றி, ஓசூரில் கால் நீட்ட வைத்து, பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன மாதிரி பிறவி நான்?

விழா நடக்க வேண்டிய மைதானத்தில் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தக்கால் நட்ட குழிகள்கூட மூடிவிட்டன. கரும்புச்சாறு பிழிகிறவரிடம் நோட்டீஸைக் காட்டினேன். “முகிது ஹோய்த்தம்மா, ஒந்து திங்களாய்து” என்றார்.

“என்னடி சொல்றாரு?”

“முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சாங்க்கா.”

நீ நோட்டீஸை என் கையிலிருந்து வாங்கி மடித்தாய். பிறகு, “அப்ப தபசு காலத்துலயா நடந்துச்சு?” என்று கேட்டாய்.

ஆமாம், தவக்காலத்தில்தான் என்றேன். நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். ‘பெருசா கன்னடம் படிக்கத் தெரிஞ்ச மாதிரி வந்துட்டா’ என்று நாலு வார்த்தை கேட்டிருந்தால், எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருப்பேனோ என்னவோ. நீ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாய். “எனக்கு வேணுண்டி. தபசு பூரா, ஜெபம் சொல்றப்பகூட அந்த வீணைதான் மனசுல ஓடுச்சு. சாமி பாத்துட்டுத்தான் இருந்திருக்காரு. அவரு குடுத்த தண்டனை இது” என்றாய்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், அக்கா. ‘சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, நான்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? உன் கையைப் பிடித்து விடுதிக்குக் கூட்டிப்போனேன். உப்பில்லாத ரசம் தயாராக இருந்தது.

ஊருக்கு வந்த முதல் வேலையாகச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாய். அடுத்து, ரேடியோவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாய். நான் வரும்போதெல்லாம் வீடு ஊமையாக இருந்தது. ஜூனில் எனக்கு ஆர்டர் வந்தது. நீதான் எனக்கு முதலில் சர்க்கரை போட்டாய். வாயில் வாங்கி முழுங்கினேன்.

ஐப்பசியில் தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அன்று கேட்டேன், “ரேடியோவைக் கொண்டாரட்டுமாக்கா?” என்று. “வேணாண்டி. பண்ணுன பாவம் ஒன்னு போதும். போற நேரத்துல எதுக்கு?” என்றாய். போகிறாய் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அந்த அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள், மாமா இருந்தார், எனக்கு வெட்கமாக இருந்தது. சாகப்போகிறவள் முன்னால் வெட்கம்! இப்படி ஒரு காரணத்தை யாரிடம் சொல்வது?

மாமாமேல் எனக்குக் கோபம் உண்டு, பத்து வருஷம் உன்னைக் கெஞ்ச வைத்ததற்காக. உன்மேலும் உண்டு. எப்படித் தப்பாய்ப் போனது என்று என்னை ஒரு தடவை கேட்காமல், எல்லாப் பழியையும் நீயே தூக்கிக்கொண்டாயே, உன்னை யார் அப்படிச் செய்யச் சொன்னது? ஆனால் என் கோபத்துக்கெல்லாம் நான் யார்?

இவ்வளவு நாள் மூடி வைத்ததை இப்போது ஏன் திறக்கிறேன் என்று கேட்பாய். உன் பெண் ஜெசிந்தாவுக்காக. பதினாறு வயசாகிறது. உன் குரல் அப்படியே இறங்கியிருக்கிறது. பூசை முடிந்ததும் பாடகர் குழு வாத்தியார் அவளை வந்து சேரச் சொன்னார், கிறிஸ்துமஸுக்குத் தனியாகப் பாடவும் வைப்பதாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டாள். “எங்கம்மா வுட்டதை நான் தொடமாட்டேனுங்க சார்” என்றாள். மாமாவுக்கு அவ்வளவு பெருமை. நாலு பேர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில், “சித்தி, பாட்டு ஆசைப்பட்டதுக்குத்தான் அம்மாவுக்கு அப்படி ஆச்சுங்களா?” என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாரண்டஹள்ளிக்குப் போகிறேன், அக்கா. ஜெசிந்தாவையும் மாமாவையும் உட்கார வைத்து, இதை முதல் வரியிலிருந்து படிக்கப் போகிறேன். பாதியில் எழுந்து ஓடமாட்டேன். அவள் என்ன கேட்டாலும் இருந்து பதில் சொல்வேன். அன்றைக்கப்புறம் அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போனாலும் போகட்டும், அவள் பாடட்டும். கடவுளுக்கு உன்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. உன் தங்கச்சி வேலைக்குப் பயந்தாள், அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லாமல் அந்த வீட்டுப் படியை விட்டு இறங்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ செய்யாத பாவத்தை உன்னையே சுமக்கவிட்ட தங்கச்சி,
ஸ்டெல்லா