பொருள்: மகளுக்கு விளையாட்டுக் கணினி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மகள் குளியலறை வாசலில் வந்து நின்றாள். வயது பதிமூன்று. நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் வக்கீல். எதிராளியின் வாயில் நுரை இருக்கும் நேரம் பார்த்துத்தான் வழக்குப் போடுவாள்.

"அப்பா, கேம் ஆடற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும். சும்மா கேக்கல. காரணம் இருக்கு."

காரணம் இது. அவளுடைய உயிர்த்தோழி நெட்டை, போன விடுமுறையில் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். போன இடத்தில் இரண்டு பெண்களைச் சேர்த்து ஒரு அணி அமைத்திருக்கிறாள். அணிக்கு நான்கு பேர் வேண்டும். 28ஆம் தேதி, சனிக்கிழமை நான்கு மணிக்குப் போட்டி.

"என் பழைய லேப்டாப்ல அந்த கேம் திறக்கவே மாட்டேங்குதுப்பா. நான் வரலைன்னா வேற யாரையாவது சேத்துப்பாங்க. சேத்துக்கிட்டா சேத்துக்கிட்டதுதான்."

துப்பிவிட்டு, "யோசிக்கலாம்" என்றேன். என் பதவி உயர்வு பற்றி எங்கள் அலுவலகத் தலைவர் பதினோரு வருடமாகச் சொல்லிவரும் அதே சொல். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தலையாட்டி அவர். அவருடைய சொல் என் வாயிலிருந்து வருகிறது. சே.

மார்ச் 4

மனைவி சொன்னாள்: "நெட்டை போனதுலேருந்து ஸ்கூல்ல இவ தனியாத்தான் உக்காந்து சாப்பிடறாளாம். டீச்சர் சொன்னாங்க."

என்னிடம் ஏன் யாரும் எதையும் சொல்வதில்லை?

மார்ச் 7, சனி

வாங்குவது என்று முடிவு. ஒரு மாதச் சம்பளம், அதற்கு மேல் சல்லிக்காசு கிடையாது.

வாங்குவதுதானே என் தொழில்! கல்லூரியில் கொள்முதல் பிரிவு. தத்துவத்தில் ஆய்வுப் பட்டம் பெற்று, இருபத்திரண்டு வருடமாகத் துடைப்பத்துக்கு டெண்டர் விடுகிறேன். மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், தகுதி உள்ளவற்றில் குறைந்த விலை. இந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. கல்லூரியில் மீறாத ஒரே ஆள் நான்தான் என்பது வேறு கதை.

முதல் கடை, கண்ணாடி மாளிகை. டை கட்டிய இளைஞன்.

"பாப்பாவுக்கா சார்? இதுல ஏழு கலர் லைட் வரும்."

"லைட் எதுக்கு?"

"லைட்டுக்காகத்தான் சார் எல்லாரும் வாங்கறாங்க."

"உள்ளே கிராபிக்ஸ் கார்டு எது?"

அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் படித்தான். ஒன்றும் இல்லை. "அது அடுத்த மாசம் போட்டுக்கலாம் சார்." விளையாட்டுக்கென்று வாங்கும் கணினியில் படத்தை நகர்த்தும் அந்தக் கார்டுதான் உயிர். உயிரை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாமாம். ஆனால் லைட் இப்போதே எரியும். தலையாட்டியை நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டாவது, பழைய கணினிகளை வாங்கி விற்பவர். வெற்றிலைக்கடை அளவு இடம், சுவர் முழுக்கத் திறந்த கேபினட்கள். ஒன்றை ஓடவிட்டார். கருகல் வாடை.

"பவர் சப்ளையில கம்பெனி பேரே இல்லையே?"

"பேர் எதுக்கு அண்ணா? கரண்ட் வருதான்னு பாருங்க."

வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். "அப்பா, அது கம்ப்யூட்டர் இல்ல, அடுப்பு."

தகுதியின்மை: இரண்டு. மூன்றாவது யார்?

மார்ச் 10

மூன்றாவது யார் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் யாரும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். கடைசியில் வக்கீல்தான்:

"சித்தப்பா கடை ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு?"

என் தம்பி. கணினிக்கடை. அவனோடு நான் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. கடை திறந்த அன்று நாற்பது பேர் முன்னால் நான் பத்து நிமிடம் பேசினேன். நல்ல பேச்சு, மூன்று நாள் எழுதியது. நான் முடித்ததும் அவன் மைக்கை வாங்கிச் சொன்னான்: "எங்க அண்ணனுக்கு பல்பு மாட்டத் தெரியாது. ஆனா பல்பைப் பத்தி அருமையா கட்டுரை எழுதுவான்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். என் மனைவியும். அவள் சிரித்ததை நான் மன்னித்துவிட்டேன். (இல்லை.)

மார்ச் 11

பேச மாட்டேன் என்றுதான் சபதம். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லையே! அலுவலக முறைப்படி எழுதினேன். அனுப்புநர், பெறுநர், "பொருள்: மகளுக்கு விளையாட்டுக் கணினி – விலைப்புள்ளி கோருதல் – தொடர்பாக." கீழே முழுக் கையொப்பம். மகள் கையில் கொடுத்தனுப்பினேன்.

மனைவி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு தெரு தள்ளி இருக்கற தம்பிக்கு 'ஐயா'ன்னு போட்டிருக்கீங்களே, நீங்கல்லாம் என்ன ஜென்மம்?"

மார்ச் 13, வெள்ளி

பதில் வந்தது. அவனும் தட்டச்சு செய்திருக்கிறான், கொழுப்பு பிடித்தவன்.

"ஐயா, பார்வை: 1. தங்கள் கடிதம், நாள் 11. 2. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளாகத் தங்களிடமிருந்து வராத கடிதங்கள்."

அதற்குக் கீழே விவரம். குறை கண்டுபிடிக்கவே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். கலர் லைட் கிடையாது. அந்தக் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டிருக்கிறான். கார்டு பழையதுதான். யார் வைத்திருந்தது, எத்தனை மாதம் ஓடியது என்று எழுதியிருக்கிறான். பவர் சப்ளை மட்டும் புதிது: "இதில் கஞ்சத்தனம் பார்த்தால் மற்றதெல்லாம் சேர்ந்து போய்விடும்." மெமரிக்கு ஒரு துளையைக் காலியாக விட்டிருக்கிறான், பிறகு சேர்த்துக்கொள்ள. விலை என் வரம்புக்குக் கொஞ்சம் கீழே.

சிவப்புப் பேனாவால் ஒரு ஒற்றுப்பிழையைத்தான் திருத்த முடிந்தது.

மார்ச் 15

ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அவனே வந்தான். விதி விதிதான். கொள்முதல் ஆணை அனுப்பினேன். கை கூசியது.

மார்ச் 20, வெள்ளி

அரை நாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். தம்பியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் உள்ளறையில் நின்றபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. என்னைவிட ஆறு வயது இளையவன், எதற்கு இப்படி நரைத்துத் தொலைக்கிறான்?

"உள்ள வாங்களேன்" என்றாள் மனைவி.

"வேண்டாம் அண்ணி. ஆணையில 'வாசலில் ஒப்படைக்கவும்'னு போட்டிருக்கு."

அப்படித்தான் போட்டிருந்தேன்.

பெட்டியோடு ஓர் உறை. "இணைக்கும் முன் படிக்கவும்" என்று மேலே எழுதியிருந்தது. எனக்குப் பாடமா? பிரிக்காமலே "கோப்பில் சேர்க்கவும்" என்று குறிப்பெழுதிச் சேர்த்துவிட்டேன். வக்கீல் பள்ளியிலிருந்து வருவதற்குள் நானே எல்லாக் கம்பிகளையும் செருகினேன். மானிட்டர் கேபிளுக்குப் பின்பக்கம் மேலே ஒரு துளை, கச்சிதமாக உட்கார்ந்தது. படம் வந்தது. பல்பு மாட்டத் தெரியாதவனாம்!

வக்கீல் வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். எத்தனை நாளாயிற்று.

மார்ச் 21, சனி

நான்கு மணி, ஒத்திகை ஆட்டம். படம் விட்டு விட்டு ஓடுகிறது. இவள் திரும்புவதற்குள் மூன்று பேர் இவளைக் கடந்து போய்விடுகிறார்கள். ஒலிபெருக்கியில் நெட்டையின் குரல்: "ஏய், நீ ஓடறியா, இல்ல உருண்டு வர்றியா?" பின்னால் வேறொரு பெண்: "இவளைத்தான் சூப்பரா ஆடுவான்னியா?"

வக்கீல் மைக்கை அணைத்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பரவால்லப்பா. நல்லா இருக்கு." அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தலையாட்டிக்குச் சால்வை போர்த்திய அன்று நான் சிரித்தது.

தெரியும்டா எனக்கு. பழைய கார்டு! நம்பி வாங்கினேன் பார், என்னைச் சொல்லணும்.

மார்ச் 22, ஞாயிறு

புகார்க் கடிதம். நான்கு பக்கம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. "தரமற்ற பொருளை உறவின் பெயரால்" என்று ஒரு வரி. நானே இரண்டு முறை வாசித்துக்கொண்டேன். மனைவி கொண்டுபோக மறுத்தாள். வக்கீலும் மறுத்தாள். நானே போய்ப் பூட்டியிருந்த கடைக்கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

மாலை ஆறுக்கு அழைப்புமணி. தம்பி. கையில் என் கடிதம், நான்காக மடித்தது.

"நேரில் ஆய்வு செய்ய வந்திருக்கேன்" என்றான், என்னைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து.

நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் மேசைக்குப் பின்னால் குனிந்தான். குனிந்தவன் அப்படியே ஒரு கணம் நின்றான். பிறகு மேல் துளையிலிருந்த மானிட்டர் கேபிளைப் பிடுங்கிக் கீழே, குறுக்குவாட்டில் இருந்த வேறொரு துளையில் செருகினான். அவ்வளவுதான். அரை நிமிடம்.

எனக்குப் புரிந்தது. காது சூடாகிவிட்டது. கிராபிக்ஸ் கார்டு கீழே சும்மா உட்கார்ந்திருக்க, நான் கேபிளை மேலே, மதர்போர்டின் சொந்தத் துளையில் மாட்டியிருக்கிறேன். இதோ சொல்லப்போகிறான். மகள் முன்னால், மனைவி முன்னால். ஒன்பது வருடம் காத்திருந்த மைக் கையில் கிடைத்துவிட்டது –

அவன் நிமிர்ந்து, கீபோர்டில் எதையோ தட்டினான். "ஒரு செட்டிங் விட்டுப்போச்சு அண்ணி. கடையிலேயே நான் பண்ணியிருக்கணும். என் தப்புதான்."

ஆட்டம் தண்ணீர் மாதிரி ஓடியது. வக்கீல் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவன் காப்பிகூடக் குடிக்கவில்லை. போகும்போது என் கடிதத்தை என்னிடமே நீட்டினான். "நல்லா எழுதியிருக்கே அண்ணா. மூணாம் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு."

மார்ச் 25

கோப்பைத் திறந்து அந்த உறையைப் பிரித்தேன். ஒரே வரி, இரண்டு முறை அடிக்கோடு: "மானிட்டர் கேபிள் கீழே உள்ள கார்டில்தான். மேலே உள்ளதில் அல்ல."

அறிவு கெட்டவனே. அவனை இல்லை.

மார்ச் 26

வக்கீல் கூந்தலைப் பின்னிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "சித்தப்பா செட்டிங் எதையும் மாத்தலப்பா. சும்மா தட்டினார். நான் பாத்தேன்."

"ம்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டு பேர் சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறார்கள். இதற்கு அந்த நாற்பது பேர் சிரித்ததே தேவலாம்.

மார்ச் 28, சனி

நான்கு பேர். வக்கீல் நான்காவது. முதல் ஆட்டத்தில் வெற்றி, இரண்டாவதில் படுதோல்வி. தோற்றபோது நான்கு பெண்களும் சேர்ந்து எதிரணியைத் திட்டிய திட்டு இருக்கிறதே! நான் வாசலுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டேன். நல்ல சொல்வளம்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் நாற்காலி போட்டு ஏறி, கூடத்து பல்பைக் கழற்றினேன். பிறகு கடிதம் எழுதினேன்.

"பொருள்: கூடத்து பல்பு – நேரில் வந்து மாட்டித்தர வேண்டுதல் – தொடர்பாக."

இந்த முறை 'ஐயா' போடவில்லை. 'தம்பி' என்று போட்டேன். காரணம் என்ற இடத்தில் "எனக்கு மாட்டத் தெரியாது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மகள் படித்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பல்பு என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நன்றாக எரியும்.