வாழை உன் பக்கம், குழி என் பக்கம்

அக்கா,

இன்று காலையிலிருந்து என் மேலெல்லாம் வரட்டிப் புகை வாடை. குளித்து வேறு சேலை மாற்றிய பிறகும் தலைமுடியில் இருக்கிறது. கார்த்திகை முடியப்போகிறது, விடியலில் வைகைப் பக்கமிருந்து வரும் காற்றில் பல் தந்தியடிக்கிறது. இந்த வருஷத்து வாழைத்தாரை நேற்று இறக்கி, குழியில் வைத்துப் பழுக்கப் புகைமூட்டம் போட்டாயிற்று. நீ போன பிறகு இறக்குகிற முதல் தார் இது. உனக்கு எழுத்து வாசனை கிடையாது. நீ இருந்திருந்தாலும் இந்தக் கடுதாசியை நானேதான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். நடுநடுவே "அதெல்லாம் எதுக்கு எழுதுற, மேல போ" என்று அதட்டியிருப்பாய். அதனால் வளர்த்தாமல் சொல்லப் பார்க்கிறேன்.

நம் மாமனார் கண்ணை மூடியதும் நம்மைக் கட்டிய அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட லட்சணத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. உழவு மாட்டில் ஆளுக்கு ஒன்று. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு எதை உழுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொல்லைக்கு நடுவே நெஞ்சளவு மண்சுவர் எழுந்தது. மாமியார் நட்டு வளர்த்த நாட்டுவாழை உன் பக்கம் போனது. காய்களைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிற குழி என் பக்கம் வந்தது. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆனால் பேசாமல் இருக்கவும் அவர்களால் முடியவில்லை. அதற்கு நாம் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர், உன் வீட்டுக்காரர், நிற்பார், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். "அவன்கிட்டச் சொல்லு, வாய்க்கால்ல தண்ணி வந்திருச்சுன்னு" என்பார் பெரியவர். நீ சுவரோரம் வந்து அதை அப்படியே என்னிடம் சொல்வாய். நான் இரண்டடி தள்ளி நிற்கும் இவரிடம் சொல்வேன். "தெரியும்னு சொல்லு" என்பார் இவர். அந்தத் 'தெரியும்' மறுபடி உன் வழியாகச் சுவர் தாண்டும். சில நாள் பெரியவரின் கனைப்பையும் சேர்த்துக் கனைத்துக் காட்டிவிட்டு முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்வாய். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பேச்சு நின்ற அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் பேரையூரிலிருந்து நம் நாத்தனாரின் வீட்டுக்காரர் வந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. கார்த்திகையில் கடைசி முகூர்த்தத்தில் வளைகாப்பு. அதை விட்டால் மார்கழி, நல்ல காரியம் கிடையாது. பிறந்த வீட்டுச் சீருக்கு அழைக்க வந்தவர், இரண்டு வாசலிலும் ஒரே சேதியைச் சொன்னார். "சீரு ரெண்டு தட்டா வந்தா வாங்க மாட்டாளாம். அவளுக்குப் பொறந்த வீடு ஒண்ணுதானாம். வேற எதுவும் வேணாம், அவ அம்மா வச்ச வாழையில பழுத்த பழம் வேணுமாம்."

தாயும் தகப்பனும் இல்லாத பெண். பிறந்த வீட்டுத் தட்டு வராமல் அவள் மணையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். அவள் அண்ணன்மார் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? "மரத்துலயே பழுக்கட்டும், எவன் குழியும் எனக்கு வேணாம்" என்றார் பெரியவர். "எங்குழியில அந்த வீட்டுக் காய் எறங்காது" என்றார் இவர். அந்த வருஷம் பனி வேறு முன்னதாகவே இறங்கத் தொடங்கியிருந்தது. பனிக்கு முன் மூட்டம் போட்டால்தான் காய் மஞ்சளாகும். விட்டுவிட்டால் மரத்திலேயே கல்லாக நிற்கும், பிறகு தோல் கறுத்துப்போகும். காயின் விளிம்புப் பட்டை மழுங்கி உருண்டு, நுனிப்பூ காய்ந்து உதிர்ந்து, தார் தயாராகத் தொங்கியது. தினமும் காலையில் அதை நீ அந்தப் பக்கமிருந்து பார்ப்பாய், நான் இந்தப் பக்கமிருந்து பார்ப்பேன்.

ஒருநாள் இருவரும் வயலுக்குப் போனதும் சுவர் மேலாக உன் குரல் வந்தது.

"ஏ, இந்தா பிடி. கீழ போட்டுராத, கன்னிப் போயிரும்."

பார்த்தால், தாரை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். சேலை பூராவும் வாழைக்கறை.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுவாரோ!"

"அவரா பிள்ளைய வயித்துல சொமக்குறாரு? கை வலிக்குது, பிடிடீ."

பிடித்தேன். பிறகு நீ தெருவைச் சுற்றி என் கொல்லைக்கு வந்தாய். சீப்புச் சீப்பாக அறுத்துக் குழியில் அடுக்கி, மேலே சருகு பரப்பி, மண் போட்டு மூடினோம். ஓட்டைப் பானையில் வரட்டியைக் கனலவிட்டுக் குழிவாயில் வைத்து, கண் எரிய எரிய மாறி மாறிப் புகை ஊதினோம். அது எப்போதும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்கிற வேலை. நாம் பார்த்திருக்கிறோமே தவிர, கை வைத்ததில்லை. அந்த அழகு சாயங்காலம் தெரிந்தது.

வயலிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் கொல்லையில் அப்படியே நின்றுவிட்டார். குழியின் மண் நாலு பக்கமும் வெடித்துப் புகை வந்துகொண்டிருந்தது. திட்டு விழப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அவரோ யாரைக் கேட்டு வைத்தாய் என்று கேட்கவேயில்லை. "இதுக்குப் பேரு மூட்டமா? கூமுட்டை வேலை" என்றார். அதற்குள் சுவருக்கு மேல் பெரியவரின் தலை தெரிந்தது. பக்கத்தில் நீ. பெரியவர் குழியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்தும் திட்டு வரவில்லை.

"அவன்கிட்டச் சொல்லு, கெழக்கால ரொம்பக் கசியுதுன்னு."

நீ முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"ஒன்னியத்தான். சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றாய். "எனக்குச் சோறு வடிக்கணும். ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது?" பிறகு என்னைப் பார்த்து, "நீ எதுக்கு நிக்கிற? ஒனக்கு அடுப்பு இல்லையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய்.

நானும் போனேன். கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புகை வெளியே போய்க்கொண்டே இருந்தது. சூடு ஆறிவிட்டால் தார் வீண். வேறு தார் கிடையாது. இரண்டு ஆண்களும் இரண்டு பக்கமும் நின்று குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் இவர் குரல் கேட்டது.

"அண்ணே... எங்குட்டுக் கசியுது?"

"கெழக்காலடா. அந்த மண்ணு ஆகாது, ஈர மண்ணா அள்ளு. இரு இரு, நான் வாரேன்."

அந்த வயதில் அவர் சுவர் ஏறிக் குதித்தார். குதித்ததில் சுவரின் மேல்வரிசை கொஞ்சம் பெயர்ந்து விழுந்தது.

பழம் பொன்னாகப் பழுத்தது. மாடுகள் இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டி, முதல் நாளே கிளம்பிப் போய்ச் சேர்ந்தோம். ஒரே தட்டு. நாத்தனார் தட்டை வாங்கிக் கீழே வைக்கக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே அழுதாள். அண்ணன்மார் இருவரும் தாங்களே பழுக்க வைத்ததாகச் சபையில் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ என் விலாவில் இடித்தாய்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போடாமல் இல்லை. சுவரும் இடிபடவில்லை. ஆனால் சண்டையை நேருக்கு நேர் போட்டுக்கொண்டார்கள். "நம்ம வாய்க்கு ஓய்வு கெடச்சுச்சே, அம்புட்டுப் போதும்" என்பாய்.

ஆவணியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து பெரியவர் யாரிடமும் பேசுவதில்லை, அக்கா. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். தம்பி கேட்பதற்கும் பதில் இருக்காது. நேற்று வாழையடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "அவன்கிட்டச் சொல்லும்மா, தார் முத்திருச்சு, எறக்கிறலாம்னு." இவர் கையில் அரிவாளோடு பக்கத்திலேயே நிற்கிறார். சொல்லிவிடு என்று இவரும் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். பெரியவரோ பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் எனக்கென்ன குறைந்துவிடும்? எனக்கும் வாய் வரை வந்துவிட்டது.

"அடுப்புல வேலை கெடக்கு, மாமா" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நீ சொல்லிக்கொடுத்து வந்ததில்லை இது. உன்னோடு இருந்து இருந்து ஒட்டிக்கொண்டது. என் மகனும் மருமகளும் என்னை நடுவில் வைத்துப் பேசத் தொடங்கினாலும் இப்படித்தான் எழுந்து போகிறேன். அவர்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும். ஆனால் நேற்று மாதிரி என் கால் என்றைக்கும் கனத்ததில்லை.

அடுப்பை ஊதிக்கொண்டே காதை வெளியே வைத்திருந்தேன். பிறகு பெரியவர், "தம்பி" என்றார். "அவ இருந்தா இன்னேரம் அருவாளப் பிடுங்கி அவளே வெட்டியிருப்பா" என்றார். இவர் "ஆமாண்ணே" என்றார். அப்புறம் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாதபடி இருவரும் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் உன்னைப் பற்றிப் பேச வேண்டும் போல இருந்தது. அதைக் கேட்க நீதான் வேண்டும்.