முவானகொம்போ வீட்டுப் பால்கனி

நவம்பர் 4

இன்றும் மேலிருந்து தண்ணீர் வந்தது. இந்தத் தடவை மீன் கழுவிய தண்ணீர்.

வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு கோட்டை வாசலில் தொடங்கிப் பழைய துறைமுகத்தில் முடிக்கும் என் வழிகாட்டி நடையில் உச்சக்கட்டம் முவானகொம்போ அக்காவின் வீட்டுப் பால்கனிதான். மொம்பாசாவின் பழைய நகரத்தில் மரப் பால்கனிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்படி இழைத்து இழைத்துச் செதுக்கியது வேறெங்கும் கிடையாது. அதன் அடியில் கூட்டத்தை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, பிறகு ஏற்றி, "மலபாரிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த தேக்கு!" என்று கையை உயர்த்துவேன். இன்று கையை உயர்த்தியதும் தண்ணீர் இறங்கியது. நான்தான் வரவழைத்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

டச்சுக்கார அம்மாவின் தொப்பியில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாகரிகமானவர்கள்.

கூட்டம் போன பிறகு மேலே பார்த்துக் கேட்டேன். "ஏன் அக்கா இப்படிப் பண்றீங்க?"

"எதிர்ச் செவுத்தோரம் நின்னு கத்து. இங்க நிக்காதன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அங்கேருந்து பாத்தா வேலைப்பாடு தெரியாதே?"

"தெரியாட்டி என்ன, செத்தா போயிடுவாங்க?"

புருஷன் போன பிறகு தனியாகத் தையல் மிஷினோடு இருக்கிற மனுஷி. கோபம் வரத்தான் செய்யும் என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். மன்னிப்பதில் நான் கெட்டிக்காரன்.

வீட்டில் ஸுஹுராவிடம் சொன்னேன். மனைவி என்றால் ஆறுதல் சொல்வாள் என்று ஒரு நம்பிக்கை. "அந்தம்மாவுக்குத் தண்ணியாவது கெடைக்குது. நான் உங்க பேச்சை எதை ஊத்தி நிறுத்துறது?" என்றாள்.

நவம்பர் 9

மழை. நடை இல்லை. கண்ணாடி முன் நின்று தேக்குப் பகுதியை ஒத்திகை பார்த்தேன். "யாருங்க வந்திருக்கா?" என்று அடுப்படியிலிருந்து ஸுஹுரா கேட்டாள்.

நவம்பர் 13

கொதிக்கிறது எனக்கு. முவானகொம்போ அக்கா பால்கனியைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பி ஜன்னல் வைக்க அனுமதி கேட்டிருக்கிறாராம். இரும்பு! கோழிக்கூடு மாதிரி!

பழைய கட்டிடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு நேராகப் போனேன். அதிகாரி கசுங்கு பொறுமைசாலி. நான் பேசினேன். சும்மா இல்லை, பொழிந்தேன். "ஐயா, ஒரு ஊருக்கு முகம் இருந்தால் அதில் மூக்கு இந்தப் பால்கனி. மூக்கை அறுத்த ஊரை யார் பார்க்க வருவார்கள்?" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அனுமதி இல்லை என்று அங்கேயே முடிவானது. திரும்பும் வழியில் எனக்கு நானே ஒரு கோப்பை இஞ்சிக் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 15

இன்றைய தண்ணீர் என் தலையில் மட்டும், குறி தவறாமல். ஆனால் திட்டு வரவில்லை. மேலிருந்து ஒரே கேள்வி: "உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன், ஷெகுவே?"

சரித்திரத்தைக் காப்பாற்றுகிறவனை ஊர் புரிந்துகொள்வதில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். எழுதியும் விட்டேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏனோ நிறைவாக இல்லை.

நவம்பர் 27

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரிதான் வரும்.

ஜெர்மன்காரர்கள் ஒரு கூட்டம். மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு வெயில். மேலே முவானகொம்போ அக்கா இல்லை. கடைக்குப் போயிருக்கிறார் போல, நல்ல நேரம் என்று பால்கனி அடியிலேயே நடுநாயகமாக நின்றேன். கைத்தடியால் தாங்குகட்டையைத் தட்டி, "நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது. இன்னும் நூறு வருஷம் நிற்கும். ஆடுகிறதா பாருங்கள்!" என்றேன்.

ஆடியது.

கட்டை என் வலது தோளில் இறங்கியது. கூடவே ஒரு செதுக்குப் பலகையும் ஒரு கூடை மண்ணும். ஒரு ஜெர்மன்காரர் கைதட்டினார். நடையில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார், பாவம். அல்ஹம்துலில்லாஹ், அவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எனக்குக் காறை எலும்பு முறிவு.

காய்கறிப் பையோடு சந்தில் ஓடிவந்தவர் முவானகொம்போ அக்காதான். பையைப் போட்டுவிட்டு என்னைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தார். ஓயாமல் திட்டினார். திட்டும்போதே அழுதார்.

இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்கு வெளியே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். உள்ளே போனது இன்றுதான்.

பால்கனியை உட்பக்கமிருந்து பார்த்தேன். கரையான் தின்று தேன்கூடு மாதிரி இருந்தது. சாய்வாக இரண்டு மரம் முட்டுக் கொடுத்திருந்தது. மீன்பிடிக் கயிற்றால் ஜன்னல் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் விளிம்புவரை நிரம்பிய ஒரு வாளி.

"அப்ப தண்ணி ஊத்துனது…?"

"வேற எப்படிடா உங்கள வெரட்டுறது? வாயால சொன்னா நீ நகர்றியா? உன் வாய்க்கு முன்னால என் வாய் எடுபடுமா?"

"உளுத்துப் போச்சுன்னு ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"அடுத்த சந்துல அப்படித்தான் ஒருத்தி சொன்னா. ஆபத்தான கட்டிடம்னு வீட்டையே பூட்டிட்டாங்க. இன்னமும் அவ தங்கச்சி வீட்டுல பாயச் சுருட்டிட்டுக் கெடக்கா. அதான் ஜன்னல் வைக்க ஆசைன்னு கேட்டேன். நீதான் போய் மூக்கு, முழின்னு பேசினியாமே."

வலிக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோள்தான் என்று அவர் நினைத்திருப்பார்.

நவம்பர் 28

யார்மேல கோவம் எனக்கு? கட்டை மேலயா? வாளியோட நின்னு அத்தனை பேரோட உயிரையும் அந்த அக்கா காப்பாத்திருக்காங்க – நான் தொப்பி நனைஞ்சிடுச்சேன்னு அலுத்துக்கிட்டேன். அலுத்துக்கிட்டு மன்னிக்க வேற செஞ்சேன்!

சரி. இப்ப என்ன? ஆபீசுல சொன்னா வீட்டைப் பூட்டிடுவாங்க. சொல்லாம விட்டா அடுத்த கப்பல்ல வர்ற எவனோ ஒருத்தன் தலையில… நான் இனிமே அங்க நிக்க மாட்டேன். மத்த வழிகாட்டிகள் கேப்பாங்களா? எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. அந்த இடத்தைப் பிரபலமாக்கினதே நான்தானே.

ஸுஹுராவிடம் கேட்டேன். கஞ்சியை ஊட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "பேசித்தானே கெடுத்தீங்க? போய் இன்னொரு தரம் பேசுங்க. இந்தத் தடவை கொஞ்சமா."

டிசம்பர் 2

கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு போய்க் கசுங்கு முன்னால் நின்றேன். பால்கனியை இறக்க அனுமதி கொடுங்கள் என்றேன்.

"மூக்காச்சே?" என்றார்.

"அழுகிப்போச்சுங்க ஐயா."

"மூக்கறுந்த ஊரை எவனும் பார்க்க வரமாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டுல சொல்லிச் சொல்லி எம்பொண்ணுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு." பக்கத்து மேஜைக்காரர் இன்றும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். நன்றாகப் பேசுவதில் இப்படியொரு தண்டனை இருக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நான் பயந்ததையே சொன்னார். "அவ்வளவு மோசம்னா ஆளைக் காலி பண்ணச் சொல்லணுமே."

உரை எதுவும் வரவில்லை. "சுவர் நல்லா இருக்கு, ஐயா. பவளக்கல். பால்கனி மட்டும்தான் போச்சு. நீங்களே வந்து தட்டிப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மதியமே வந்தார். கதவைத் திறந்த முவானகொம்போ அக்கா முதலில் அவரைப் பார்த்தார். பிறகு என்னை. "காட்டிக் குடுத்துட்டியே" என்றார், மெதுவாக. கசுங்கு சுவர் சுவராகத் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு தட்டும் எனக்குத்தான் விழுந்தது. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

டிசம்பர் 6

பதில் இல்லை. அக்கா தையல் மிஷினைத் துணியால் மூடிக் கட்டி வைத்துவிட்டாராம். ஸுஹுரா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எனக்குப் போகத் துணிச்சல் இல்லை. வழிகாட்டிகளை ஒவ்வொருவராகப் பிடித்து, அந்தப் பக்கம் கூட்டத்தை நிறுத்தாதே என்று கெஞ்சுவதுதான் இப்போதைக்கு என் வேலை. "உன் தோளு சொல்லுதே, போதும்" என்கிறார்கள்.

டிசம்பர் 10

அனுமதி வந்துவிட்டது! பால்கனியை இறக்கலாம். நல்ல பலகைகளைப் பத்திரப்படுத்த வேண்டும். அக்கா வீட்டிலேயே இருக்கலாம், வேலை முடியும் வரை பின்னறையில்.

சொல்ல ஓடினேன். முன்னமே தெரிந்திருந்தது அவருக்கு. எலும்பு சேருகிறதா என்று கேட்டார். ஒரு மஹம்ரி பணியாரம் கொடுத்தார், நேற்றுச் சுட்டது. புதியது தட்டில் இருந்தது, பார்த்தேன். அந்த அளவுக்கு இன்னும் மன்னிக்கவில்லை. நியாயம்தான்.

டிசம்பர் 18

இறக்கிவிட்டார்கள். இரண்டு தச்சர்கள், ஒரே காலைப் பொழுது. நான் கீழே நின்று யோசனை சொன்னேன். தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

சுவர் மொட்டையாக, சவரம் செய்த முகம் மாதிரி இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது – வந்தது என்று எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். முவானகொம்போ அக்கா அழவில்லை. அறைக்குள் விழுந்த வெயிலில் ஊசியை நீட்டி நூல் கோத்துப் பார்த்தார். ஒரே தடவையில் நுழைந்துவிட்டது.

ஜனவரி 7

எலும்பு சேர்ந்த பிறகு முதல் நடை. நைரோபியிலிருந்து வந்த ஆசிரியைகள் ஒரு கூட்டம்.

அந்த வீட்டைப் பேசாமல் கடந்துவிட முடிவு செய்திருந்தேன். காட்ட என்ன இருக்கிறது? அதற்குள் ஒரு பெண், "சார், அந்த ஜன்னலுக்குக் கீழ வரிசையா அது என்ன ஓட்டை?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் நின்றது. எதிர்ச் சுவர் ஓரமாகத்தான். நான் வாயைத் திறந்தேன். மலபாரும் வரவில்லை, தேக்கும் வரவில்லை.

"இது முவானகொம்போ அக்கா வீடு. துணி தைக்கிறாங்க" என்றேன்.

அவ்வளவுதானா என்று அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் ஜன்னலில் தலை தெரிந்தது. "ஷெகுவே! வெயில்ல நிக்கவச்சு ஏன் அவங்களக் கொல்றே? மேல கூட்டிட்டு வா, காப்பி போட்டிருக்கேன்."

எட்டுப் பேர் இருக்கிறார்கள், வழியில் மசூதி பாக்கி, மீன் சந்தை பாக்கி என்று நான் விளக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. படியேறிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஆளாக நானும் ஏறினேன். உள்ளே அவர் பேச ஆரம்பித்திருந்தார். உட்கார இடமில்லை. நிலைப்படியில் நின்று கேட்டேன்.